பேனல் லைன் வாஷ்: கழுநீரா, மையாடலா, புழைமையா?

கோவை ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடப் பசங்களுக்கு ஸ்கேல் மாடல் பயிற்சி நடத்துறோம். கையில இருக்கிற கிட் 1/32 அளவுல எஃப்-14 டாம்கேட், அமெரிக்கக் கடற்படையில 2006 வரைக்கும் விமானந்தாங்கிக் கப்பல்லேர்ந்து பறந்த விமானம். நிஜத்துல 19 மீட்டர் சொச்சம் நீளம், 32-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர், பாதி மேசையை அடைச்சுக்குது. செய்முறைத் தாள் தமிழ்ல எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ரெண்டு சொல்லுக்குத் தமிழ் கிடைக்கல: பேனல் லைன் வாஷ், அப்புறம் வெதரிங் (மாடலை அழுக்கும் தேய்மானமுமா, நிஜத்துல பறந்த விமானம் மாதிரி காட்டுற வேலை).

தெரியாதவங்களுக்காக: விமானத்தோட தோல் தகடு தகடா இருக்கும், தகடுங்க சேர்ற இடத்தை மாடல்ல மெல்லிசு பள்ளக்கோடா செதுக்கியிருப்பாங்க. அக்ரிலிக் பெயிண்ட் அடிச்சு, மேல பளபளப்பு வார்னிஷ் பூசி நல்லா காயவிட்டு, நீர்க்கக் கரைச்ச எனாமல் பெயிண்டை தூரிகை நுனியில எடுத்து கோட்டை ஒரு இடத்துல தொட்டா போதும், அதுவா சரசரன்னு கோடு பூரா ஓடிடும். கொஞ்சம் உலர்ந்ததும் பஞ்சுக்குச்சியால துடைச்சா மேல இருக்கிறது போயிடும், பள்ளத்துல இருக்கிறது நிக்கும். இதுக்குக் 'கழுவல்'னு எழுதினா பசங்க சோப்பு போடணுமான்னு கேக்கிறாங்க.

மதுரை ஐயா:

அம்மா, கழுவலை அவசரப்பட்டுத் தள்ளிடாதீங்க. வினையா வச்சதுதான் பிரச்சினை, பொருளா வச்சுப் பாருங்க, 'கழுநீர்'. அரிசி களைஞ்ச தண்ணியைத்தான் நாம கழுநீர்னு சொல்றோம், மாட்டுக்கு வைக்கிற தொட்டி கழுநீர்த்தொட்டி. நீர்த்த, கலங்கின, அடியில வண்டல் தங்குற திரவம். நீங்க சொல்ற பெயிண்டும் அதேதானே? செங்கழுநீர்ப் பூவுக்கும் இந்தக் கழுவுக்கும் உறவு உண்டா இல்லையான்னு தனியா ஒரு மடல் எழுதணும். திருப்பாவையில ஆண்டாள் 'புழக்கடைத் தோட்டத்து வாவியுள் செங்கழுநீர்'னு பாடுற இடம் நினைவுக்கு வருது.

வார்னிஷுக்கு 'மெருகெண்ணெய்'னு பழைய சொல்லே இருக்கு, அதையாவது போடுங்க.

பெங்களூர் பொறியாளர்:

ஐயா, மெருகெண்ணெய்னு கடையில கேட்டா என்னத்த குடுப்பான்னு எனக்குத் தெரியல. தாளைப் படிச்சிட்டு பசங்க கடைக்குப் போகணும், அதை மறந்துடக் கூடாது.

வாஷ்ங்கிற சொல்லை எந்த வகையிலயும் மொழிபெயர்க்காதீங்கன்னுதான் சொல்வேன். விமானத்துல வாஷ்அவுட்னு ஒண்ணு இருக்கு, இறக்கை நுனிக்குப் போகப்போக கோணம் குறையற மாதிரி முறுக்கி வைக்கிறது. புரொப்பெல்லர் பின்னால தள்ளுற காத்துக்கும் வாஷ்னுதான் பேரு. மூணையும் 'கழு'வுல கட்டினா நாளைக்கு ஏரோநாட்டிக்ஸ் படிக்கிற பிள்ளை திண்டாடும். செய்யற வேலையைப் பார்த்து பேர் வைங்க.

இன்னொண்ணு, சொல்லை விட இது முக்கியம். கறுப்பு பெயிண்ட் குடுக்காதீங்க. மாடல்ல அந்தக் கோடு 0.2 மில்லிமீட்டர்னு வைங்க, 32-ஆல பெருக்கினா 6.4 மில்லிமீட்டர், போர்விமானத்துல தகட்டுக்கு நடுவுல அவ்வளவு வாய் திறந்தா யாரும் பறக்க விட மாட்டாங்க. கோடே ஏற்கனவே பெருசு, அதுல கறுப்பை வேற ஊத்தினா பொம்மை மாதிரி ஆயிடும். விமானத்துக்கு அடிச்ச சாம்பல் நிறத்தை விட ரெண்டு படி அடர்த்தியான சாம்பல் நிறம் போதும். அப்புறம் பெயிண்ட் ஏறாத வெறும் பிளாஸ்டிக்குல எனாமலைக் கரைக்கிற தின்னர் தேங்கினா விரிசல் விடும், அதையும் தாள்ல போட்டுடுங்க.

யாழ்ப்பாணத்து அக்கா:

வெதரிங்குக்கு எங்கட புவியியல் புத்தகத்தில 'வானிலையாலழிதல்' எண்டு இருக்கு, பாறைக்குச் சொல்லுறது. தமிழ்நாட்டில 'வானிலைச் சிதைவு' எண்டு படிப்பிக்கினம் போல. ரெண்டுமே இதுக்குப் பொருந்தாது எண்டுதான் நினைக்கிறன், ஏனெண்டால் இந்த விமானத்தில இருக்கிற ஊத்தையில பாதிக்கும் வானிலைக்கும் சம்பந்தமே இல்லை. டாம்கேட்டின்ர இறக்கை 20 பாகையில இருந்து 68 பாகை வரைக்கும் பின்னுக்குப் போகும், உடம்புக்குள்ள நுழையிற இடத்தில காத்தடைச்ச பை ஒண்டு இடைவெளியை மூடும். இறக்கை போய்வரேக்க உரஞ்சி உரஞ்சி மேற்பரப்பில வில்லு வில்லாத் தடம் விழும். மற்ற இடமெல்லாம் முன்னுக்கிருந்து பின்னுக்குத் துடைக்கிற நாங்கள் அந்த இடத்தில மட்டும் அந்த வளைவோடதான் துடைக்க வேணும். அது பாவிச்சதால வந்த அடையாளம். 'பாவிப்புத்தடம்' எண்டு வையுங்கோவன்.

கோவை ஆசிரியை:

அக்கா அருமை, ஆனா உங்க ஊர்ல பாவிக்கிறதுன்னா பயன்படுத்துறது, இங்க 'பாவிச்ச'ன்னா பசங்க பாவம்னு நினைச்சுக்குவாங்க. 'புழக்கத்தடம்'? ஐயா சொன்ன புழக்கடை கூட புழங்குற இடம்தானே.

மதுரை ஐயா:

புழக்கத்தடம் நல்லாயிருக்கு, எனக்குச் சம்மதம். ஆனா புழக்கடை புழக்கத்துலேர்ந்து வந்ததில்லம்மா, அது புழைக்கடை. புழைன்னா துளை, சிறுவாசல். வீட்டுக்குப் பின்னால சின்ன வாசல் இருக்கிற பக்கம் புழைக்கடை. இயற்பியல்ல கேப்பிலரியை நுண்புழைன்னு வச்சவங்க இதே புழையைத்தான் எடுத்தாங்க.

இப்பத்தான் உறைக்குது, உங்க பெயிண்ட் கோட்டுல தானா ஓடுதுன்னீங்களே, அது குறுகலான இடத்துல திரவத்தை இழுத்துட்டுப் போற நுண்புழை விசைதானே? அப்ப வாஷுக்குப் 'புழைமை'! புழையில் ஓடும் மை.

பெங்களூர் பொறியாளர்:

ஐயா, புழைமைன்னா வறுமை, பெருமை, எளிமை மாதிரி பண்புப்பெயரா காதுல விழுது. 'இந்த விமானத்துல புழைமை அதிகம்'னா ஓட்டை அதிகம்னுதான் எனக்குத் தோணும். எனக்கு இன்னமும் 'வாஷ்'தான்.

தஞ்சாவூர் நண்பர்:

நான் சுவடிப் பாதுகாப்புல வேலை பார்த்தவன், மாடல் செஞ்சதில்ல. ஆனா மொத மடலைப் படிச்சதுமே உக்காந்துட்டேன். இது நம்ம ஓலையில காலங்காலமா செஞ்ச வேலைங்க! எழுத்தாணியால கீறினா ஓலையில வெறும் பள்ளம்தான், எழுத்து கண்ணுக்கே தெரியாது. விளக்குக்கரியைப் பச்சிலைச் சாத்துல குழைச்சு ஓலை பூரா தடவி, துணியால துடைச்சு எடுத்துடுவாங்க, கீறல்ல மட்டும் கறுப்பு நிக்கும். மங்கின சுவடிக்கு இப்பவும் கரியை எலுமிச்சைப்புல் எண்ணெயில குழைச்சு இதையேதான் பண்றோம். இதுக்கு 'மையாடல்'னு பேரே இருக்கு, அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல புது ஓலைக்கு மையாடித்தான் பிள்ளை கையில குடுப்பாங்க. பள்ளம், தடவு, துடை, மூணும் அப்படியே இருக்கு. புதுச்சொல் எதுக்கு?

யாழ்ப்பாணத்து அக்கா:

மையாடல்! எனக்கு இதுதான். 'கோட்டுக்கு மையாடு' எண்டு வினையாவும் சொல்லலாம், கழுநீரை அப்பிடிச் சொல்லேலாது.

பெங்களூர் பொறியாளர்:

ஓலையில தடவுறோம், இதுல தொட்டு ஓடவிடுறோம், ஓடுறதுதான் இதுல முக்கியம். அதோட மை கறுப்பு. கறுப்பு வேணாம்னு தலைகீழா நின்னு சொல்லிட்டிருக்கேன், நீங்க பேருலயே கறுப்பை வச்சா பையன் கறுப்பைத்தான் எடுப்பான்.

தஞ்சாவூர் நண்பர்:

சிவப்பு மை, பச்சை மைன்னு சொல்றோமே சார். ஓடுறது பத்தி நீங்க சொல்றது சரி, ஆனா கடைசில துடைக்கிறதுதான வேலையை முடிக்குது.

கோவை ஆசிரியை:

நேரமாயிடுச்சு, அச்சகத்துலேர்ந்து ரெண்டு தடவை போன் வந்துடுச்சு. தலைப்புல 'தகட்டுக்கோட்டு மையாடல்', கீழ மொத வரியிலயே 'கடையில பேனல் லைன் வாஷ்னு கேக்கவும், அடர்சாம்பல் நிறம்'னு போட்டுட்டேன். வெதரிங்குக்குப் புழக்கத்தடம். இறக்கைத் தடத்துக்கு அக்கா சொன்னதைத் தனிப் பத்தியா சேர்த்தாச்சு. வார்னிஷ் வார்னிஷாவே இருக்கட்டும் ஐயா.

பெங்களூர் பொறியாளர்:

புழக்கத்தடத்துல ஒரு இடிக்குது. கப்பல்ல உப்புக்காத்து பட்டு அரிக்கிற இடத்தையெல்லாம் ஆளுங்க அங்கங்க ஒட்டுப்போட்ட மாதிரி புதுப் பெயிண்ட் அடிச்சு வச்சிருப்பாங்க, அதனாலதான் டாம்கேட் திட்டுத்திட்டா தெரியும். அது புழக்கமும் இல்ல, வானிலையும் இல்ல, பராமரிப்பு. அதை எந்தத் தலைப்புல போடுவீங்க?

மதுரை ஐயா:

உப்பு அரிக்கிறதால அடிக்கிறாங்க, அப்ப வானிலைதான். கழுநீரை நான் இன்னும் விடல, செங்கழுநீர் மடல் ஞாயித்துக்கிழமை அனுப்புறேன்.