வேதி வாய்பாட்டைச் சுருக்கெழுத்து என்று நினைத்திருந்த நாட்கள்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்):

தமிழ் வழியில் படித்த எனக்கு வேதியியலில் முதலில் இடறியது தனிமமோ சேர்மமோ அல்ல, ஆங்கில எழுத்தின் உயரம்தான். நம் எழுத்தில் பெரியது, சிறியது என்ற வேறுபாடே கிடையாது. பெரிய 'சி'யை அடுத்துச் சிறிய 'ஓ' வந்தால் அது கோபால்ட் என்னும் ஒரே தனிமம் என்றும், இரண்டும் பெரியவையாக இருந்தால் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு என்றும் ஆசிரியர் பலகையில் எழுதிக்காட்டியபோது, அதைக் கையெழுத்தைத் திருத்தும் அறிவுரையாகவே எடுத்துக்கொண்டேன். வாய்பாடு என்பது பெயரின் சுருக்கம், அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

அந்த எண்ணம் ஒரு காலாண்டுத் தேர்வில் உடைந்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வினையைச் சமன்செய்யச் சொல்லியிருந்தார்கள். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. யோசிக்காமல் நீரின் வாய்பாட்டில் 'ஓ'வின் காலடியில் ஒரு குட்டி 2 போட்டேன். இருபுறமும் எண்ணிக்கை அழகாக ஒத்துப்போனது. விடைத்தாள் திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் சிவப்பு மையில், "இதைக் குடித்துவிடாதே" என்று மட்டும் இருந்தது. நான் எழுதியது நீர் அல்ல, புண் கழுவப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு. அடியில் நிற்கும் எண் மூலக்கூறுக்குள் எத்தனை அணுக்கள் என்பதைச் சொல்வதால் அதைத் தொட்டால் பொருளே மாறிவிடும் என்பதும், முன்னால் நிற்கும் எண் எத்தனை மூலக்கூறுகள் என்பதைச் சொல்வதால் சமன்செய்யும்போது அதை மட்டுமே மாற்றலாம் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தன. அணுக்கொள்கையைத் தந்த டால்டனே நீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு என்றுதான் கருதினார் என்றும், ஆக்சிஜன் போன்ற வாயுக்களின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருக்கலாம் என்று அவகாட்ரோ 1811இல் சொன்னதை, 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துரைத்த பின்னரே அந்தக் குழப்பம் தெளியத் தொடங்கியது என்றும் பிற்பாடு படித்தபோது சற்று ஆறுதலாக இருந்தது.

காந்தத்துண்டு:

எங்கள் ஆய்வகத்தில் இரும்புத்தூளையும் கந்தகத்தூளையும் கலந்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்துக் காட்டிய பிறகு, அதே கலவையைச் சோதனைக்குழாயில் இட்டுச் சூடாக்கச் சொன்னார்கள். ஓரிடத்தில் செந்தணல் பற்றியதும் விளக்கை விலக்கிவிட்டோம். ஆனாலும் தணல் தானாகவே கலவை முழுவதும் பரவியது. எஞ்சிய கருங்கட்டி இரும்பும் கந்தகமும் இணைந்த சேர்மம் என்பதால் அதைக் காந்தம் இழுக்கக் கூடாது என்று புத்தகம் சொன்னது, எங்கள் கட்டியோ காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. புத்தகம்தான் தவறு என்று நாங்கள் வாதிட்டோம். எடை போட்டீர்களா என்று ஆசிரியை கேட்டார். கண்ணளவில் அள்ளிப் போட்டிருந்தோம். இரும்பு 56, கந்தகம் 32 என்ற அணு எடைகளின்படி 7 கிராமுக்கு 4 கிராம்தான் சேரும், மிஞ்சிய இரும்பு இரும்பாகவே கிடக்கும் என்றார். கலவையில் எந்த அளவிலும் கலக்கலாம், சேர்மத்தில் அந்த உரிமை நமக்கு இல்லை என்பதை அந்தக் கட்டியைப் போல வேறெதுவும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

யாழ்வாசி:

நீங்கள் தனிமம், சேர்மம் என்பவற்றை நாங்கள் மூலகம், சேர்வை என்று படித்தோம்; ஹைட்ரஜன் எங்களுக்கு ஐதரசன். 'என்ஏ' என்று எழுதிவிட்டுச் சோடியம் என்று வாசிக்கும் திகைப்பு மட்டும் இரு கரையிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அது நேட்ரியம் என்னும் இலத்தீன் பெயரின் சுருக்கம் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஓராண்டு வீணே உருப்போட்டிருக்கமாட்டேன்.

கொடிக்கால்:

நாங்கள் வெற்றிலை பயிரிடுபவர்கள். நோய்க்குத் தெளிக்கும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவைக்காக அப்பா மயில்துத்தம் வாங்கி வருவார். பதினொன்றாம் வகுப்பில் அதன் வாய்பாட்டைப் படித்தபோது, செம்பு சல்பேட்டை அடுத்து ஒரு புள்ளி, பிறகு ஐந்து நீர் மூலக்கூறுகள் என்றிருந்தது. வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை கொண்டுபோய்ச் சூடாக்கினோம். நீலம் வெளுத்துச் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடியாகியது, குழாயின் வாயருகே நீர்த்துளிகள் கோத்து நின்றன. ஆறிய பின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் நீலம் திரும்பியது, குழாயும் கையில் வெதுவெதுப்பாக உறைத்தது.

அன்று மாலை அப்பாவிடம், ஒரு கிலோ மயில்துத்தத்தில் ஏறத்தாழ 360 கிராம் தண்ணீர், செம்பு சுமார் 255 கிராம்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அப்போ கடைக்காரன் காசு வாங்கிக்கிட்டுத் தண்ணியையா விக்கிறான்?" என்று கோபித்துக்கொண்டார். 100 லிட்டருக்கு ஒரு கிலோ என்ற அளவே அந்த நீரையும் சேர்த்து வகுத்ததுதான் என்று விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை. கலவையைக் கலக்கி முடித்ததும், எப்போதும் செய்வதுபோல் பளபளப்பான கத்தியை அதில் நனைத்து எடுத்தார். அலகில் செந்நிறம் படிந்திருந்தது. "சுண்ணாம்பு பத்தலை" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பாலை ஊற்றினார். கரைசலில் மிஞ்சிய செம்பை இரும்பு இடம்பெயர்ப்பதால்தான் அந்தச் செந்நிறம் என்று நான் தொடங்குவதற்குள், கத்தியைத் துடைத்துவிட்டு மறுபடியும் நனைத்திருந்தார்.