திருவருகைக் காலம்: உங்களைத் தொட்ட ஒரு நாளைச் சொல்லுங்கள்

சென்னை, ஜாபர்கான்பேட்டை

கிறிஸ்து பிறப்புக்கு நம்மைத் தயாரிக்கும் நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம்; ஞாயிறுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். 2015இல் அதன் முதல் ஞாயிறு நவம்பர் 29. முதல் ஊதா மெழுகுதிரி ஏற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் அடையாற்றில் பெருகி வந்து எங்கள் பக்கத்துத் தெருக்களை மூழ்கடித்தது. வடிந்ததும் எங்கள் பங்குக் கோயில் இளையோர் மண்வெட்டியோடு கிளம்பினோம். நிவாரணப் பை ஒவ்வொன்றிலும் ஒரு விவிலிய வசனச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைப் பெரியவர் ஒருவர், "பசியோட இருக்கிறவங்க கையில பையைக் கொடு தம்பி, அது போதும்" என்றார். எனக்கு மனத்தாங்கல்தான்.

முதல் வீட்டில் ஒரு பாட்டி. கூடம் முழுக்கச் சகதி.

"எந்தக் கட்சிப்பா நீங்க?"

"கட்சி இல்ல பாட்டி, கோயில்லருந்து வர்றோம்."

"எந்தக் கோயிலு?"

"மாதா கோயிலு."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பூஜை அலமாரியைக் காட்டினார். முருகன் படம், மறைந்த கணவரின் படம், எல்லாம் சேறு. "இதெல்லாம் நீங்க தொடுவீங்களா?" என்று தயங்கிக் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் குத்துகிறது. அப்படிக் கேட்கும்படி எங்களில் யாரோ அவரிடம் நடந்திருக்க வேண்டும். பெரியவர் தோளில் கிடந்த துண்டை நனைத்து, முதலில் முருகன் படத்தைத்தான் துடைத்தார், கண்ணாடிக்குள் ஈரம் போகாமல், அவ்வளவு பக்குவமாக.

கிளம்பும்போது பாட்டி பக்கத்து மாடி வீட்டு அடுப்பில் பால் இல்லாத வரட்டீ போட்டுக்கொண்டு வந்தார். நல்ல தண்ணீருக்கே அலைந்த நாள் அது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் என் கையை அழுத்தினார். வாங்கிக் குடித்தேன்.

டிசம்பர் 13, மூன்றாம் ஞாயிறு. அன்றைய வாசகம் லூக்கா 3ஆம் அதிகாரம். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்கிறார். எத்தனை வீடு, எத்தனை பை என்று அதுவரை என் கணக்கைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த டீ நினைவுக்கு வந்தது. தன் அங்கியைப் பகிர்ந்தவர் பாட்டிதான்.

பாளையங்கோட்டை

அண்ணே, வாசிச்சதும் கண்ணு கலங்கிட்டு. எங்க சபையில டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ், அதான் தெருத்தெருவா கிறிஸ்துமஸ் பாட்டு பாடிட்டுப் போறது, விடிய விடிய நடக்கும். டிரம், கிடார், ஸ்பீக்கர் கட்டுன வண்டி எல்லாம் உண்டு. போன வருஷம் ஒரு தெருமுனையில ஒரு அக்கா நிறுத்தி, "பாட வேண்டாம்னு சொல்லல தம்பி, மாமா மூணு நாளா தூங்கல, இப்பதான் கண்ணசந்தாங்க"ன்னாங்க. வாலிபர் சங்கச் செயலாளரா எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. ஸ்பீக்கரை அணைச்சு, வண்டியைத் தள்ளிக்கிட்டே அந்தத் தெருவைக் கடந்தோம். மறுநாள் மன்னிப்புக் கேக்கப் போனா, அந்த மாமாவே "ஒரு பாட்டு மெதுவா பாடுங்கடே"ன்னாங்க. கட்டில் பக்கத்துல தரையில உக்காந்து ரெண்டு பேர் பாடினோம். இந்த வருஷம் தெரு வாரியா பட்டியல் போடும்போது முதல்ல விசாரிச்சது, எந்தெந்த வீட்ல முடியாதவங்க இருக்காங்கன்னுதான்.

திருச்சி

என்னுடையது இன்னும் முடியவில்லை. பாகப்பிரிவினையில் அண்ணனோடு நான்கு வருஷமாகப் பேச்சு இல்லை. நியாயம் என் பக்கம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும், முதல் மெழுகுதிரி ஏற்றிய ஞாயிறு சாயங்காலம் கால்கள் தானாக அவர் வீட்டுக்குப் போயின. அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் மழையைப் பற்றிப் பேசினார், பிறகு என் பெரியவளின் படிப்பைக் கேட்டார். நிலத்தைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது, சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு மூன்றாவது, ரோஸ் நிற மெழுகுதிரி. பூசை முடிந்ததும் மறுபடி போகிறேன். செபித்துக்கொள்ளுங்கள்.