2007 ஈராக்: பெரும்பான்மை இருந்தும் கூடுதல் படையை அமெரிக்க காங்கிரஸ் (நாடாளுமன்றம்) ஏன் தடுக்கவில்லை?

வைகைக்கரையான்:
2006 நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் பிடித்தது. 2007 ஜனவரி 10 அன்று குடியரசுக் கட்சி அதிபர் புஷ், ஈராக்குக்கு இன்னும் 20,000-க்கு மேல் வீரர்களை அனுப்பப் போவதாக அறிவித்தார், அனுப்பியும் விட்டார். தொகுதி மக்கள் போன் மேல் போன் போட்டும் உறுப்பினர்கள் ஏன் மசியவில்லை?

மணிமாறன்:
மசியாமல் இல்லை. பிப்ரவரி 16 அன்று பிரதிநிதிகள் சபை 246-182 என்று கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியிலிருந்தே 17 பேர் ஆதரித்தார்கள். ஆனால் அந்த வகைத் தீர்மானம் அதிபர் கையெழுத்துக்கே போகாது, சட்டமாகவும் ஆகாது. ஓட்டுப் போட்டால் தொகுதியில் காட்டிக்கொள்ளலாம், படைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் சனிக்கிழமை செனட்டைக் கூட்டினார்கள். அதே தீர்மானத்துக்கு 56-34. பெரும்பான்மைதான், ஆனால் விவாதத்துக்கு எடுக்கவே 60 வேண்டும்.

செனட்டில் கணக்கு இன்னும் மோசம். மொத்தம் 100 இடங்களில் காகிதத்தில் ஜனநாயகக் கட்சிப் பக்கம் 51. அதில் டிம் ஜான்சன் மூளை ரத்தக்கசிவால் படுக்கையில், லீபர்மன் படை அனுப்புவதை ஆதரித்தவர். மீதி 49.

தென்றல்_78:
உண்மையான பிடி பணத்தில்தான். 2008 ஆகஸ்ட் 31-க்குள் போர்ப் படை வெளியேற வேண்டும் என்ற கெடுவோடு, சுமார் 12,400 கோடி டாலர் போர்ச்செலவு மசோதாவை மார்ச் 23 அன்று சபை 218-212 என்று தாண்ட வைத்தது. பிறகு இரு அவைகளும் சேர்ந்து கெடுவைக் கொஞ்சம் தளர்த்தி அனுப்பிய வடிவத்தை மே 1 அன்று புஷ் வீட்டோ செய்தார். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சபையில் கிடைத்தது 222-203, 62 ஓட்டு குறைவு. மே 24 அன்று கெடு இல்லாமலே பணம் போனது: சபையில் 280-142, செனட்டில் 80-14.

கூடுதல் படைக்கென்று தனித் தலைப்பில் பணம் இல்லை என்பதுதான் சிக்கல். வெட்டினால் ஏற்கெனவே களத்தில் நிற்பவனுக்கும் சேர்த்துத்தான் வெட்டு. "வீரன் சோற்றில் கை வைக்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்ல அது போதும்.

வைகைக்கரையான்:
அப்படியானால் போன் அடித்ததெல்லாம் வீணா?

மணிமாறன்:
ஏற்கெனவே எதிர்ப்பவருக்கே அடித்தால் வீண். தேவைப்பட்டது இழுபறித் தொகுதிக் குடியரசுக் கட்சியினர். அவர்களில் 11 பேர் மே மாதம் வெள்ளை மாளிகைக்கே போய் புஷ்ஷிடம் நேரில் கசப்பைச் சொன்னார்கள். ஓட்டு மட்டும் பெரிதாக அசையவில்லை. பொதுத்தேர்தலுக்கு முன்னால் கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு இருக்கிறதே, அங்கே ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் அப்போதும் போர் பக்கம். ஜூலையில் விடிய விடிய செனட்டை நடத்தியும் படையை வெளியேற்றும் திருத்தத்துக்கு 52-47 தான், 60 எட்டவில்லை. செப்டம்பரில் ஈராக்கில் அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் பெட்ரேயஸைப் பெயரை வைத்துக் கேலி செய்து ஒரு பத்திரிகை விளம்பரம் வந்தது. போரை விட்டுவிட்டு அதைக் கண்டித்து 72-25 என்று செனட் தீர்மானம் போட்டது. இப்படி ஒரு விளம்பரம் யாருக்கு லாபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
பணத்தை வைத்து மடக்கிய உதாரணம் 1973. கம்போடியா குண்டுவீச்சுக்குப் பணம் கூடாது என்ற மசோதாவை அன்றைய அதிபர் நிக்சன் ஜூனில் வீட்டோ செய்தார், அதை முறியடிக்கவும் முடியவில்லை. ஆனால் அப்போது ஜூன் 30-உடன் நிதியாண்டு முடிந்தது. அரசு ஓடத் தேவையான மசோதாக்களிலேயே அதே தடையைச் சொருகினார்கள். நிக்சன் ஆகஸ்ட் 15-ஐக் கெடுவாக ஏற்றார். வாட்டர்கேட் ஊழலில் அவர் தத்தளித்ததும் உதவியது. அதைவிட முக்கியம், வியட்நாமிலிருந்து அமெரிக்கப் போர்ப் படைகள் மார்ச்சிலேயே வெளியேறியிருந்தன. வீரனைக் கைவிட்டார்கள் என்று சொல்லக் களத்தில் ஆளே இல்லை. 2007-ல் பாக்தாத்தில் இருந்தார்கள்.