90 நிமிஷ சிடி, 99 நிமிஷ சிடி வாங்கின அனுபவம் இருக்கா?

மாம்பலத்தான்:
2003. அக்கா கல்யாண கேசட்டை விசிடி ஆக்கினேன். மொத்தம் 87 நிமிஷம், ரெண்டா வெட்ட மனசு வரல. ரிச்சி தெருவுல 90 நிமிஷ சிடி வாங்கி, நீரோங்கிற சிடி எழுதுற சாஃப்ட்வேர்ல ஓவர்பர்ன் (சிடி காட்டுற நீளத்தையும் தாண்டி எழுதுறது) டிக் போட்டு எழுதியாச்சு. என் கம்ப்யூட்டர்ல கடைசி வரைக்கும் ஓடிச்சு. ஊர்ல எல்லாரும் பாய் விரிச்சு உக்காந்தாச்சு. 81வது நிமிஷம், பாட்டி விபூதித் தட்டுல விரலைத் தொட்டு அக்கா நெத்திக்கிட்ட கொண்டு போறாங்க. படம் கட்டம் கட்டமா உடைஞ்சு, கை அந்தரத்துல நின்னுடுச்சு. "பூசினேனேடா, எங்க காணோம்?"னு பாட்டி கேட்டாங்க. இப்ப பாட்டி இல்ல. கேசட்ல பூஞ்சை. சிடியோட கடைசி 6 நிமிஷத்தை எந்த டிரைவும் படிக்க மாட்டேங்குது.

ஓரத்துஇருக்கை:
நான் 99 வாங்கினவன். டிரைவ்ல போட்டா 79:59ன்னு காட்டுது! அட்டையில 99, உள்ள 80. கடையில போய் கத்தினேன். "அது அப்படித்தான் தம்பி காட்டும்"னு சிரிச்சார். நம்பாம 80 நிமிஷ சிடியா மாத்திட்டு வந்தேன். மாம்பலத்தான் சார், கோவிச்சுக்காதீங்க, 87 நிமிஷத்தை ரெண்டு சிடியில போட்டிருந்தா 15 ரூபாயோட போயிருக்கும்.

பழையபர்னர்:
கடைக்காரர் சொன்னது நிஜம் சார், அநியாயமா கத்திட்டீங்க. வெத்து சிடியில ஏற்கனவே இருக்கிற சுருள் பள்ளத்துலயே அதன் நீளம் பதிஞ்சிருக்கும். 80க்கு மேல உள்ள நிமிஷ எண்களை வேற வேலைக்கு ஒதுக்கிட்டதால, 79:59க்கு மேல அதுல சொல்லவே வழியில்ல. அதைத் தாண்டி எழுதத்தான் ஓவர்பர்ன். எனக்கு நடந்தது சின்னதுதான்: 790 எம்பிக்கு எம்பி3 அடைச்சேன், கடைசி நாலு பாட்டு கார்ல பாடல.

சிடி விதிப்படி தடத்துக்குத் தடம் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி, 0.1 முன்னபின்ன இருக்கலாம். 80 நிமிஷ சிடியே அந்த விளிம்புலதான் நிக்குது. 90ன்னா அதையும் தாண்டி நெருக்கினது. சிடி உள்ளேருந்து வெளியே எழுதும், அதனால கடைசி நிமிஷங்கள் நாம விரல் வைக்கிற ஓரத்துல வந்து விழும். போதாக்குறைக்கு விசிடி படத்துக்கு, டேட்டா சிடிக்கு இருக்கிற கூடுதல் பிழைதிருத்தம் கிடையாது. மாம்பலத்தான், மெல்லிசான பருத்தித் துணியால நடுவுலேருந்து ஓரத்துக்கு நேரா துடைங்க, வட்டமா தேய்க்காதீங்க. வேகத்தைக் குறைச்சு, முழு சிடியையும் இமேஜா (அப்படியே ஒரே ஃபைல் நகலா) எடுத்துப் பாருங்க. நாலஞ்சு டிரைவ்ல முயற்சி பண்ணுங்க, ஒண்ணு படிக்காததை இன்னொண்ணு படிக்கும். முக்கியமா, எழுதின அதே டிரைவ் இருந்தா முதல்ல அதுல போடுங்க.

மாம்பலத்தான்:
அதை 2009ல காயலான் கடையில போட்டுட்டேன் சார். எடைக்கு.