புதுப்பிப்பு: புது மானிட்டரில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது சரியாகிவிட்டது

27 அங்குல மானிட்டரில் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய்ப் பார்த்தால் ரெசல்யூஷன் (திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை) 1920 × 1080. மானிட்டரின் சொந்த அளவோ 2560 × 1440. மூன்று புள்ளிக்கான படத்தை நான்கு புள்ளிக்கு இழுத்துப் போட்டால் ‘ண’, ‘ன’ சுழிகள் எப்படித் தெளிவாக வரும்? ஆனால் அங்கே ரெசல்யூஷன் பட்டியலில் 2560 × 1440 வரவே இல்லை. கேபிளைப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னதுதான் வழிகாட்டியது: நடுவில் இருந்த பழைய டாக்கை (பல கேபிள்களை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) கழற்றிவிட்டு, லேப்டாப்பிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்புக்கு நேரடியாக மாட்டியதும் வந்துவிட்டது. ரொம்ப நன்றி!

அப்புறம் ஒன்று: எழுத்து சின்னதாகத் தெரிந்தால் தயவுசெய்து ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். அதே டிஸ்ப்ளே பக்கத்தில், எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலை 125% ஆக்குங்கள், போதும்.