பூட்டனாரின் கொப்பியில் ‘துண்டு’ என்று கிடக்கிறது, என்ன அது?

கொக்குவிலான்:
வீடு திருத்துவதற்காகப் பரணைத் துப்புரவாக்கியபோது பூட்டனாரின் தகரப்பெட்டி அகப்பட்டது. மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர், அதற்கு மேல் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கறையான் தின்றது போக ஒரு கொப்பி மிச்சம், அட்டையில் 1911 என்று இருக்கிறது. பேர் (முழுநாள் வேலை), அரைப்பேர் (அரைநாள்) என்று நாள்கணக்கு, அது விளங்குகிறது. சில ஆட்களுக்கு நேரே மட்டும் ‘துண்டு’ என்று எழுதி ஒரு தொகை, ஒருவருக்கு 42 ரூபாய். துணித் துண்டா, காணித் துண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பழைய வாத்தியார்:
தம்பி, துணியுமில்லை காணியுமில்லை, அது கடன் சீட்டு. கங்காணி, அதாவது தொழிலாளரைச் சேர்த்து மேய்க்கிறவர், தமிழ்நாட்டுக்கு ஆள் பிடிக்கப் போகும்போது தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் முற்பணம் வாங்கிக்கொண்டுதான் போவார். பயணச் செலவு, வழிச் சாப்பாடு எல்லாம் வந்தவன் தலையில் கடனாக விழும். அவன் வேறு தோட்டத்துக்கு மாறுவதென்றால், ‘இவ்வளவு கட்டினால் விடுகிறேன்’ என்று பழைய துரை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார், புதுத் துரை கட்டி ஆளை எடுப்பார். கடன் தீராது, கை மாறும், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டுப் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. மொரிசியஸ், பிஜிக்குப் போனவர்களுக்காவது இத்தனை வருடம் என்று ஒப்பந்தக் கடதாசி இருந்தது, இங்கே கங்காணியின் கணக்குத்தான் ஒப்பந்தம். துண்டுமுறை 1921இல்தான் ஒழிந்தது. அதற்காக வாதாடியவர்களில் எங்கட தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் ஒருவர். ஆனால் அதைச் சொல்லி மார்தட்ட வேண்டாம், அந்தக் கணக்கை எழுதின பேனாக்களில் எங்கட யாழ்ப்பாணத்துப் பேனாவும் இருந்தது.

மானிப்பாய்ப் பெடியன்:
ஐயா, சம்பளத்துக்கு எழுதின மனுசன் மேல் ஏன் பழி? துரை சொன்னதை எழுதாவிட்டால் அவருக்கும் வேலை போயிருக்கும்.

தர்மபுரத்தாள்:
பழி போடுவது எனக்கும் நோக்கமில்லை, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் 1977 இனக்கலவரத்தோடு மாத்தளைப் பக்கமிருந்து கிளிநொச்சிக்கு வந்த குடும்பம். கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்கள், வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல்தான். கோப்பியென்றால் பழம் பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம். இலைநோய் வந்து கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகு வருடம் முழுக்கக் கொழுந்து, அதனால்தான் குடும்பம் குடும்பமாக லயத்தில், அந்த வரிசை வீடுகளில், தங்கிப்போனார்கள். எங்கட ஆட்கள் வந்து இருநூறு வருடமானதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைப்பயணம் போனபோது நானும் கொஞ்சத் தூரம் நடந்தேன். முருங்கன் வருவதற்குள் செருப்பு வார் அறுந்துவிட்டது, அப்புறம் தார் ரோட்டில் வெறுங்கால்தான். தண்ணீர்ப் போத்தல் கொடுக்க ஆளிருந்தும் அந்தப் பாடு. இத்தனைக்கும் பிறகு யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் எனக்கு வைத்த பேர் ‘தோட்டக்காட்டாள்’. வைத்தவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பரணில் இப்படிக் கொப்பி இருக்கிறதோ. இருக்கிறதை எறிந்து போடாதேயுங்கோ, எங்களிடம் அப்படி ஒரு கடதாசியும் இல்லை.

கொக்குவிலான்:
அக்கா, எறியமாட்டேன். இரவு திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த 42 ரூபாய்க்காரரின் பேர் ஓரிடத்தில் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறது, பக்கத்தில் ‘மரணம்’ என்று பூட்டனாரின் வடிவான கையெழுத்து. அடுத்த வரியில் ஒரு பெண்ணின் பேர், அதற்கு நேரே துண்டு, 42 ரூபாய். பக்கங்களைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பட்டோ?

தர்மபுரத்தாள்:
அனுப்புங்கோ. அந்தப் பெண்ணின் பேர் உள்ள பக்கத்தை முதல்.