புதுப்பிப்பு: அப்பாவின் நெஞ்செரிச்சல், நூல் கட்டிய ஸ்பாஞ்ச் மாத்திரை

பல வருஷ நெஞ்செரிச்சல், எண்டோஸ்கோப்பி என்றாலே அப்பா பயப்படுகிறார், இங்கே இங்கிலாந்தில் வேறு வழி உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சைட்டோஸ்பாஞ்ச் என்ற இந்த நூல் கட்டிய மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினார், நூலின் மறுமுனை நர்ஸ் கையில். 7, 8 நிமிஷத்தில் உறை கரைந்து 3 செ.மீ. ஸ்பாஞ்சாக விரிய, அதை வெளியே இழுத்தபோது உணவுக்குழாய்ச் செல்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. மயக்க மருந்தே இல்லை. எதிர்பாராதது, இழுக்கும் நொடியில் நன்றாகக் குமட்டியதும் மறுநாள் வரை இருந்த தொண்டை வலியும், ரசம் சாதம்தான் இறங்கியது. அந்தச் செல்களில் டிஎஃப்எஃப்3 என்ற புரதம் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்க்கும் சோதனையில், புற்றுநோய்க்கு முன்னோடியான பாரெட் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அப்பாடா! ஆனால் விழுங்கவே சிரமம் இருப்பவர்கள் இதற்குக் காத்திருக்காமல் நேராக எண்டோஸ்கோப்பிக்கே போங்கள்.